இறுகும் வரை

எட்டு நாள் ஒரு ஆணியோடு வண்டி ஓட்டியிருக்கிறேன்.
பூம்பாறையில் பூண்டு ஏற்றி
வத்தலக்குண்டு மண்டி வரைக்கும்.
டம்டம் பாறை வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
அது இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.
கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மிதியடியில் ரத்தம் பார்த்தவன் சவரிமுத்து.
"அண்ணே, எலி ஏதும் நசுங்கிருச்சா?"
இருவரும் குனிந்து
டார்ச் அடித்து
எலியைத் தேடினோம்.

பிறகு பதினொரு மாதம்.
அவிழ், கழுவு, கட்டு.
ஒரு ரூபாய் அளவு இருந்தது
ஐந்து ரூபாய் அளவு ஆனது
பிறகு சில்லறையில் சொல்ல முடியாத அளவு.
மதுரையில் ஒரு டாக்டர்
கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை விட்டு
ஒரு கோடு இழுத்துக் காட்டினார்,
பேனாவால்கூட இல்லை, வெறும் நகத்தால்.
அந்தக் கோடு மட்டும் உறைத்தது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஜெபகனி சிஸ்டர்
ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு குழாயை எடுத்தார்.
புது மருந்து, சோதனையில் இருக்கிறது,
மூன்று இடத்தில் கையெழுத்துப் போடுங்கள், குழந்தைவேலு.
குளிரில் இது தண்ணி.
உடம்புச் சூடு பட்டால் கெட்டியாகும்.
சர்க்கரை ஏறினால் தானே இளகி மருந்தை விடும்.
புண் கெட்டால் மஞ்சள் நீலமாகும்.
"கிளட்சும் அதுவே போட்டுக்குமா?" என்றேன்.
சிஸ்டர் சிரிக்கவில்லை.

மார்கழி. புல்லெல்லாம் வெள்ளை.
கரண்ட் இல்லை, ஹீட்டர் செத்துக் கிடந்தது.
ஊற்றிய ஜெல் புண்ணில் நிற்காமல்
விரலிடுக்கில் வழிந்து
எனாமல் தட்டில் சொட்டியது.
இதைச் செய்தவர்கள்
சென்னையில் ஏதோ மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டே
செய்திருப்பார்கள்.
என் காலை ஒரு உடம்பு என்று
ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
கையுறைக்குள்ளிருந்த இரண்டு உள்ளங்கையாலும்
பாதத்தைப் பொத்திக்கொண்டார்.
எனக்குத் தெரியவில்லை அது.
பார்த்தேன், அவ்வளவுதான்,
யாருடைய காலையோ யாரோ பிடித்திருப்பதுபோல.
அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
வராந்தாவில் ஒரு இருமல் வந்து, போய், திரும்ப வந்தது.
ஆறு நிமிடம் இருக்கும்.
மறுபடி ஊற்றி
பாதத்தைச் சாய்த்துப் பார்த்து
"நிக்குது" என்றார்.

இறக்கத்தில் வண்டியை நிறுத்திக் கல் கொடுத்துவிட்டு
நாங்கள் சொல்லும் அதே சொல்.

தைப்பூசத்துக்குப் பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்தம்
ஒரு விரல்தான் நக்கினேன்.
சரி, நாலு விரல்.
கட்டைப் பிரித்த சிஸ்டர்
பாதி கரைந்து கிடந்த ஜெல்லைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"பஞ்சாமிர்தமா, ஜிலேபியா?"
எட்டு நாள் ஆணியை மறைத்த கால்
இப்போது எதையும் மறைப்பதில்லை.
பக்கத்து வீட்டுக்காரிபோல அத்தனையும் ஒப்பிக்கிறது.

ஓரங்களில் இளஞ்சிவப்பு வந்திருக்கிறது.
மாசிக் கடைசியில் ஒருநாள் நீலம் காட்டியது,
நாலு நாள் படுக்கை, ஊசி,
மறுபடி மஞ்சள்.
பன்னிரண்டு குழாயில் மீதி இரண்டு.
அதற்கப்புறம் என்ன என்று
கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதாம்.
படித்துக் காட்டச் சொல்லவில்லை இன்னும்.

இப்போது சவரிமுத்து ஓட்டுகிறான்.
நான் கிளீனர் சீட்டில்.
டம்டம் பாறை வளைவில் அவன் வேகம் போதாது, அல்லது அதிகம்.
என் வலது கால் தானாக
வெறும் தகரத்தை அழுத்துகிறது.

இன்றைக்கு அப்படி அழுத்தும்போது
சுருக்கென்றது.
புண்ணா, வண்டியின் அதிர்வா
சொல்லத் தெரியவில்லை.
"என்னண்ணே?" என்றான்.
"ரோட்டப் பார்றா."
அடுத்த கொண்டை ஊசி வருகிறது.
காலைத் தூக்கி வைத்துக் காத்திருக்கிறேன்.